சூசையோட பங்கு

தடைக்காலம் வந்தா அந்தக் கடக்கரையில ஒரு போட்டும் கடலுக்குப் போகாது. ரெண்டு மாசம் வருமானம் கிடையாது. அதனால பங்குனியிலயே அரிசி, கருவாடு, கருப்பட்டின்னு வாங்கி, ஆளுக்கொரு பங்காப் பிரிச்சு டின்ல அடைச்சிருவாங்க. ஒருத்தர் பங்குல இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது. கூடப்பொறந்தவங்களே ஒரு பிடி அரிசிக்கு முடியப் பிடிச்சு இழுத்துக்கிட்ட ஊரு, அதான் இந்தச் சட்டம்.

ரீத்தாள் வீட்டுல ஆள் மூணு, பங்கு நாலு. நாலாவது அவ புருஷன் சூசைக்கு. அவன் போன போட்டு மூணு வருஷமாத் திரும்பி வரல. போறப்ப வாசல்ல நின்னு, "பசியோடதான் வருவேன், எடுத்து வச்சிரு"ன்னு சொன்னான். அம்புட்டுதான் அவ கையில இருக்கு. இப்பவும் போட்டு சத்தம் கேட்டா அவ கண்ணு அடுப்புக்குத்தான் போவும்.

அவன் பங்குல அரிசி டின்னு ரீத்தாள் பொறுப்பு. கருவாடு அவன் தங்கச்சி பிரகாசி பொறுப்பு. கருப்பட்டி தம்பி தொம்மை பொறுப்பு.

இந்தப் பங்குனியில தொம்மை ஆரம்பிச்சான். "மைனி, இனி மூணு பங்கு போதும். இல்லாத ஆளுக்கு எதுக்கு?"

"யாருலே இல்லாத ஆளு?" ரீத்தாள் சுள்ளுன்னு கேட்டா. பங்கு நின்னா அவன் செத்துட்டான்னு அவளே எழுதிக் குடுத்த மாதிரி.

பிரகாசி குறுக்க வந்தா. "டின்னத் திறப்போம். அண்ணன் பங்கை யாரு காப்பாத்தியிருக்காங்களோ, அவங்க சொல்றதுதான் முடிவு."

ரீத்தாள் டின்னு கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருந்துச்சு. பழைய அரிசி மேலயே வருஷா வருஷம் புதுசக் கொட்டியிருக்கா. "ஒரு மணி எடுக்கல"ன்னு பெருமையாத் திறந்தா. உள்ள வண்டும் மாவும்.

தொம்மை டின்னு காலி. "அண்ணன்கூடப் போன மரியான் பிள்ளைங்க பட்டினி கெடந்துச்சு, குடுத்துட்டேன். அண்ணன் இருந்தாலும் குடுத்திருப்பான்." பக்கத்துல அவனோட சொந்த டின்ல பாதிக் கருப்பட்டி மிச்சம் இருந்துச்சு.

பிரகாசி டின்ல நெத்திலி மொறுமொறுன்னு கெடந்துச்சு.

"ஏட்டி, இது எப்படிக் கெடாம இருக்கு?"

"அப்பப்ப வெயில்ல போடுவேன். புதுச டின்ல போட்டதும் பழச நான் தின்னுருவேன் மைனி."

"என் புருஷன் பங்கையா தின்ன?"

"ஆமா. நல்லாத்தான் இருந்துச்சு."

ஒருத்தி தொடவே இல்ல. ஒருத்தன் தானம் பண்ணிட்டான். ஒருத்தி பழசையெல்லாம் தின்னிருக்கா. இப்பச் சொல்லுங்க, சூசையோட பங்கைக் காப்பாத்துனது யாரு?

மூணு பேருக்கும் நல்ல மனசுன்னு மழுப்புறவங்க எந்திரிச்சுப் போலாம். பிரகாசிதான். சூசை பூட்டி வைக்கச் சொல்லல, பசிக்கு எடுத்து வைக்கச் சொன்னான். இந்த நிமிஷம் அவன் வந்து நின்னா தட்டுல விழுறது அவ கருவாடு மட்டும்தான். தொம்மை குடுத்தது தப்பே இல்ல, ஆனா தன் டின்னப் பத்திரமா வச்சுக்கிட்டு அண்ணன் டின்னக் காலி பண்ணவன் தர்மத்தப் பத்திப் பேசக் கூடாது. ரீத்தாள் புருஷனுக்குன்னு நெனச்சு வண்டுக்குத்தான் சோறு போட்டிருக்கா. "இந்த வருஷமும் நாலு பங்குதான்"னா பிரகாசி, "ஆனா பழச நீங்க தின்னணும் மைனி." கருவாட்ட வறுத்து ரீத்தாள் தட்டுல வச்சா. ரீத்தாள் ஒரு தடவ வாசலப் பாத்தா. அப்புறம் அவன் பங்குலேருந்து ஒரு வாய் தின்னா. உப்பு சரியா இருந்துச்சு.