வெள்ளித்துறை வராத ஆட்டம்

"வழக்கு ஜெயிக்கணும் சிஸ்டர். அதுக்கு நீங்க ஜெபிக்கணும்."

கடலோரக் கால்பந்து லீக்கின் செயலாளர் தாசையன், மடத்து வாசலில் நின்று இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார். அறுபதைத் தொட்ட மனுஷன். சிஸ்டர் எமெரென்சியாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவரைக் கேட்காமல் தாசையன் ஒரு காரியமும் செய்வதில்லை.

என்ன வழக்கு என்று கேட்டார் சிஸ்டர்.

வெள்ளித்துறை அணி ஓர் ஆட்டத்துக்கு வரவில்லை. வராத அணிக்கு மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோல்வி எழுதுவது லீக்கின் விதி. தாசையன் எழுதினார். அந்த ஒரு தோல்வியில் வெள்ளித்துறை லீக்கைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று. அவர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டார்கள். லீக் பாதியில் நிற்கிறது. திங்கட்கிழமை விசாரணை.

"ஏன் வரல்லையாம்?"

அன்றைக்கு விடியக்காலம் அந்த ஊர் மீனவர் ஒருவரைக் கடல் கொண்டுபோயிற்று. உடல் கரை சேரும்வரை அங்கே யாரும் வலையைத் தொடமாட்டார்கள், பந்தையும் தொடமாட்டார்கள். கோயில் மணியை அடித்துத் துக்கம் சொன்னார்கள். சுற்றியுள்ள ஊருக்கெல்லாம் கேட்டது.

"உங்களுக்கும் கேட்டுதா?"

"கேட்டுது. ஆனா மணிச்சத்தம் கடுதாசி ஆகுமா சிஸ்டர்? எழுத்துல தரணும்னு விதி இருக்கு. நான் விடமாட்டேன். மேல்கோர்ட்டு வரைக்கும் போவேன்."

"அடக்கத்துக்குப் போனீங்களா?"

"அன்னைக்குத்தான் லீக் கமிட்டி கூடுச்சு."

சிஸ்டர் உள்ளே போய் ஒரு பந்தும் விசிலும் எடுத்துவந்து, பள்ளிக்கூட மைதானத்துக்கு நடந்தார். தாசையன் பின்னாலேயே போனார்.

"மூணு கோல்தானே சாரே? அடிச்சுக் காட்டுங்க. விதிப்படி."

விசில் ஊதினார். அவரே பந்தை நடுவிலிருந்து தாசையன் காலுக்குத் தட்டிவிட்டார்.

தாசையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தை உருட்டிப் போனார். தடுக்க ஆளில்லை. பந்து வலைக்குள் போய் விழுந்தது. எடுத்துத் தரவும் ஆளில்லை. தாமே குனிந்து எடுத்து, மூச்சிரைக்க நடந்துவந்து, நடு வட்டத்தில் வைத்தார்.

"ஒண்ணு," என்றார். அடுத்ததற்குக் காலை ஓங்கினார்.

சிஸ்டர் விசிலடித்து நிறுத்தினார்.

"கோல் விழுந்தா அடுத்த கிக் யாருக்கு?"

தாசையனின் கால் மெல்ல இறங்கியது.

எதிர்ப்பக்கத்து மணல் முழுக்க வெயில். அவர் காலடித் தடம் தவிர வேறு தடம் இல்லை.

"கோல் வாங்குனவங்களுக்கு."

"அப்ப அவங்க அடிக்கட்டும். காத்திருங்க சாரே."

சிஸ்டர் வேப்பமரத்தடியில் முழங்காலிட்டு ஜெபமாலையை எடுத்தார். ஐம்பத்து மூன்று மணி உருட்டி முடிக்கும்வரை தாசையன் பந்துக்கு இந்தப் பக்கம் அசையாமல் நின்றார்.

பிறகு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

"வக்கீல் வீட்டுக்கா?" என்றார் சிஸ்டர்.

"வெள்ளித்துறைக்கு. அவங்க கிக் இன்னும் பாக்கி இருக்கு."