திரவியம் அண்ணனுக்கு முதல் இலை

அரசம்பூண்டிக்காரர்கள் நல்லவர்கள். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். முழுக் கதையையும் கேட்ட பிறகு சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அந்த ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு வடமலைதான் செயலாளர். அவர் மகள் கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் திரவியத்துக்கு மண்டபத்துக்கு எதிர்வீடு. "முதல் பந்தியில எனக்குத்தான் முதல் இலை போடணும். முறை தப்புச்சுன்னா மாப்பிள்ளையைக் கையோட கூட்டிட்டுப் போயிருவேன்" என்று அவர் நிச்சயதார்த்தத்திலேயே சொல்லிவிட்டார். அன்று முதல் வடமலைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரே ஆறுதல் மண்டபத்துக் கம்ப்யூட்டர். விருந்தாளியின் பெயரையும் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்பதையும் பதிந்தால், யாருக்கு எந்தப் பந்தி என்று திரையில் காட்டும். மாப்பிள்ளை வீட்டுக்கே முதல் பந்தி என்று அதில் தனியாக எழுதித் தரச் சொல்லிப் போன வருஷம்தான் சென்னைக் கம்பெனிக்குப் பணம் கட்டியிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் அந்தக் கம்ப்யூட்டர், "புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றலாமா?" என்று தானாகவே கேட்டது. பக்கத்தில் வாட்ச்மேன் பூச்சி மட்டும்தான் இருந்தார். கல்யாண மண்டபத்தில் யார் எது கேட்டாலும் இல்லையென்று சொல்லக்கூடாது என்பது வடமலை அவருக்கு இட்ட கட்டளை. பூச்சி எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மரியாதையாக 'ஆம்' என்பதை அழுத்தினார்.

புதிய பதிப்பு பூப்போட்ட பார்டரோடு அழகாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டு முறை மட்டும் காணாமல் போயிருந்தது. தொலைவிலிருந்து வருகிறவர் பாவம், பசியோடு வருவார் என்று நினைத்ததோ என்னவோ, அதிகத் தூரத்துக்காரருக்கே முதல் இலை என்று அது வைத்துக்கொண்டது. எதிர்வீட்டுத் திரவியத்துக்குக் கடைசிப் பந்தியில் கடைசி இலை.

வடமலை பதறிப்போய்க் கம்பெனிக்குப் போன் போட்டார். "புதிய பதிப்பு இலவசம் சார். நீங்க தனியா கேட்டு வாங்கினதைத் திரும்பப் பண்ணித் தரணும்னா பதினெட்டாயிரம் ஆகும். அதுவரைக்கும் அங்க யாரும் எதையும் தொடாதீங்க" என்றாள் அங்கே பேசிய பெண்.

யாரும் எதையும் தொடவில்லை. மேஜையில் இருந்த டீ ஆறிப்போனது. மண்டபத் தலைவர் ஏகாம்பரத்தின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவித் தாடைக்கு வந்தும் அவர் அதை எடுத்துவிடவில்லை. எல்லோரும் இரண்டு கையையும் தூக்கியபடியே மண்டபக் கமிட்டிக் கூட்டம் தொடங்கியது.

"கெடுத்தது கம்பெனி. அவங்கதான் தரணும்" என்றார் ஏகாம்பரம்.

"இலவசமால்ல கெடுத்திருக்காங்க தலைவரே. காசு வாங்கிட்டுக் கெடுத்திருந்தா கேக்கலாம்" என்றார் டெய்லர் மாசிலாமணி. அதில் இருந்த நியாயத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

மாசிலாமணி தலைவரிடம் மேலும் கேட்டார். "உங்களுக்கு நான் அளவெடுத்துச் சட்டை தைக்கிறேன். அப்புறம் உங்க வயிறு பெருத்துப்போச்சு. பிரிச்சுத் தைக்கிற கூலியை யார் தரணும்?"

"வயிறு யாருதோ அவங்க."

"வயிறு தானாவா பெருத்துச்சு? சோறு போட்டது யாரு?"

"என் சம்சாரம்."

"அப்ப அந்தம்மாதான் தரணும்."

பதினெட்டாயிரம் கேட்டு ஏகாம்பரத்தின் வீட்டுக்கு ஆள் போனது. அந்தம்மா சொல்லி அனுப்பிய பதிலை இங்கே எழுத முடியாது.

"ஆம்னு அமுக்கினது பூச்சி. அமுக்கச் சொல்லிவச்சது செயலாளர்" என்று மாசிலாமணி கடைசியில் கண்டுபிடித்தார். எல்லோரும் வடமலையைப் பார்த்தார்கள். கல்யாணச் செலவோடு இதுவுமா என்று அவர் பூச்சியைப் பார்த்தார்.

"எதிர்வீட்டுக்குப் பதிலா வேற ஊர்ப் பேரைப் போட்டுரலாமே" என்றார் பூச்சி மெதுவாக.

"தாலி கட்டுற இடத்துல பொய் எழுதச் சொல்றியா?" என்று ஏகாம்பரம் கேட்டதும் பூச்சி வெட்கித் தலைகுனிந்தார்.

அப்போதுதான் வடமலைக்கு அந்த யோசனை வந்தது. "பொய் எதுக்கு? திரவியம் அண்ணனை நிஜமாவே தூரத்துக்கு அனுப்பிட்டா என்ன?"

எல்லோருக்கும் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் தட்டினால் ஒரு கை இன்னொரு கையைத் தொட்டுவிடுமே என்று விட்டுவிட்டார்கள்.

முதல் இலை என்றதும் திரவியம் மறுபேச்சில்லாமல் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினார். அதற்குள் பெங்களூரிலிருந்து பெண்ணின் பெரியப்பா வருவதாகத் தகவல் வந்தது. திரவியத்தை ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். புனேயிலிருந்து ஒரு அத்தை கிளம்பிவிட்டாள். "அண்ணே, இன்னும் கொஞ்சம் போங்க" என்றார் வடமலை. திரவியம் டில்லி போனார். டிக்கெட் பணத்தை யார் தருவது என்ற பேச்சே எழவில்லை. ரயில் செலவு கம்ப்யூட்டர் செலவு இல்லையே என்று ஆளாளுக்குப் போட்டதில் அது முப்பத்தோராயிரம் ஆனது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், டில்லியில் வேலை பார்க்கும் பட்டாளத்துச் சித்தப்பா பெட்டியோடு வந்து இறங்கினார். திரவியம் அமிர்தசரஸுக்கு ரயில் ஏறினார்.

கல்யாணத்தன்று முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. காலை டிபனில் முதல் பந்தி எழுந்த பிறகுதான் அந்த ஊரில் மாப்பிள்ளை மணையில் உட்காருவார். முதல் இலைக்காரர் உட்காராமல் மற்றவர்கள் உட்காருவதும் இல்லை. திரையில் பளிச்சென்று வந்தது: 'முதல் இலை: திரவியம், அமிர்தசரஸ்.' அவர் இலையில் பொங்கலும் வடையும் வைத்தார்கள். வடமலை போனை எடுத்துத் திரவியத்தைக் கூப்பிட்டார்.

"என் பேரு முதல்ல வந்துச்சா வடமலை?"

"வந்துருச்சு அண்ணே. உங்களுக்கு முந்தி ஒருத்தரும் உக்காரல. முந்நூறு பேரும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கோம்."

"இது போதும்யா. மாப்பிள்ளையை இனி நான் கூட்டிட்டுப் போகமாட்டேன். ரொம்பப் பசிக்குது, நான் கிளம்பி வந்து உக்காரட்டுமா?"

"வந்துராதீங்க அண்ணே" என்று பதறினார் வடமலை. "பக்கத்துல வர வர மறுபடியும் கடைசிப் பந்திக்குப் போயிருவீங்க."

அதுவும் சரிதான் என்று திரவியம் அமிர்தசரஸ் பிளாட்பாரத்திலேயே துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். கல்யாணம் பிழைத்துவிட்டது என்று, ஒன்பது மணி தாண்டியும் நின்றுகொண்டே இருந்த சபையில் வடமலை சொன்னபோது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு சமையல்கட்டுக்குப் போய், அடுத்த ஈடு இட்லிக்கு அவசரமில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.