தவளைகளின் வாயை அடைக்கச் சொன்ன ராஜா

மணலூர் மணலூர் என்று ஒரு சீமை இருந்தது. இப்போது போய்த் தேடாதீர்கள், கிடைக்காது. அவ்வளவு பழைய காலம். அந்தச் சீமையைச் செண்பகராயன் என்கிற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு. எந்தப் பேச்சுக்கும் எதிர்ப்பேச்சு பேசிவிட முடியாது.

ராணி காய்ச்சலில் கண்ணை மூடிய பிறகு அவர் பாடு ரொம்பப் பரிதாபம். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே காலி மணை. சுற்றி நின்று "மகாராஜா, மகாராஜா" என்று கும்பிட ஊரே இருந்தது, "ஏன் இன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை?" என்று கேட்க ஒருத்தர் இல்லை.

ஐப்பசி மழை கொட்டியது. அரண்மனைக்குப் பின்னால் இருந்த குளத்தில் தவளைகள் ஆரம்பித்தன. அடேயப்பா, என்ன சத்தம்! ராஜா காதைப் பொத்திக்கொண்டே சபைக்கு வந்தார்.

"என்னய்யா கூச்சல் அது?"

தளபதி உறங்காப்புலி முன்னால் குதித்தார். அமைச்சர் குழைக்காதர் வாயைத் திறப்பதற்குள் தான் திறந்துவிட வேண்டும், அதுதான் அந்த மனுஷருக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம். "தவளைகள் மகாராஜா! ஜோடி ஜோடியாகச் சேர்ந்துகொண்டு கும்மாளம் போடுகின்றன!"

ஜோடி என்றதும் ராஜாவின் முகம் சுருங்கிவிட்டது. "நான் ஒண்டிக்கட்டையாகக் கிடக்கிறேன். என் கொல்லையிலேயே இதுகளுக்குக் கும்மாளமா? கத்துகிற அத்தனையின் வாயையும் அடையுங்கள்!"

"இன்றைக்கே வண்டி வண்டியாகச் சுண்ணாம்பு கொட்டிவிடுகிறேன். அப்புறம் குளத்தில் ஒரு புழு பூச்சி இருக்காது" என்றார் தளபதி.

குழைக்காதர் மனசுக்குள் கணக்குப் போட்டார். குளத்தில் தவளை மட்டுமா இருக்கிறது? தேரை, ஆமை, தண்ணீர்ப்பாம்பு, கரையோரம் உடும்பு. சுண்ணாம்பு கொட்டினால் எல்லாம் வெந்து மிதக்கும். ஆனால் 'வேண்டாம்' என்று சொன்னால் ராஜா இரண்டு மடங்கு கொட்டச் சொல்வார்.

"அப்படியே ஆகட்டும் மகாராஜா" என்றார் குழைக்காதர். "கத்தினதற்குத்தானே தண்டனை? நம் சீமை வழக்கப்படி, குற்றம் செய்ததைக் கண்டவர் சபையில் கைநீட்டிக் காட்ட வேண்டும். ஆள் மாற்றிக் காட்டினால் அதே தண்டனை காட்டினவருக்கு. தளபதியார் கத்தினதைப் பிடித்துவந்து காட்டட்டும்."

"பூ, இவ்வளவுதானா!" என்று தளபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினார். கால் வைத்த இடமெல்லாம் கப்சிப். இந்தக் கரைக்கு வந்தால் அந்தக் கரையில் சத்தம். அங்கே ஓடினால் இங்கே சத்தம். காலெல்லாம் அட்டை, மீசையெல்லாம் பாசி. கடைசியில் ஆத்திரத்தோடு, கையில் அகப்பட்டதிலேயே பெரியதைப் பானையில் போட்டுச் சபைக்குத் தூக்கிவந்தார்.

"இதுதான் கூட்டத்துக்குத் தலைவன். இது கத்தியதை இந்தக் கண்ணால் கண்டேன்!"

குழைக்காதர் தவளையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "தளபதியாரே, வயிறு நிறைய முட்டை இருக்கிறதே. தலைவன் பிள்ளை பெறப்போகிறானா? இது பெட்டை ஐயா. குளத்தில் இப்படிக் கத்துவது ஆண். மழை பெய்தால் அதன் உடம்பு மஞ்சள் பூசினதுபோல் ஆகிவிடும், தொண்டையில் இரண்டு பக்கமும் நீலப் பை உப்பும். இதற்குப் பை எங்கே?"

"அமைச்சர் கதை விடுகிறார் மகாராஜா!"

"கதையா நிஜமா என்று மகாராஜாவே பார்க்கட்டும். படித்துறையில் அசையாமல் உட்கார்ந்தால் போதும்."

சாயங்காலம் ராஜா போய்ப் படித்துறையில் உட்கார்ந்தார். பக்கத்தில் அமைச்சர். பின்னால் பானையைத் தூக்கிக்கொண்டு தளபதி. அட்டை கடித்த இடம் அரிக்கிறது, சொறியவும் முடியவில்லை, பாவம். தூறல் போட்டது. முதலில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி ராஜாவுக்குத் தன் படுக்கையறையை ஞாபகப்படுத்தியது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார்.

அப்போது ஒன்று கத்தியது. பிறகு இன்னொன்று. பிறகு குளம் முழுக்க. கத்தியதெல்லாம் மஞ்சள் உடம்பு, நீலப் பை.

"நீர் சொன்னது சரிதான்" என்றார் ராஜா. பிறகு புல்லோரமாகக் கை காட்டினார். "அதுவும் மஞ்சள்தானே, ஏன் சும்மா இருக்கிறது?"

"நன்றாகப் பாருங்கள் மகாராஜா, அதன் கீழே பெட்டை இருக்கிறது. ஜோடி சேர்ந்துவிட்டது. அது இனிமேல் ஏன் கத்தப்போகிறது?"

"அப்படியானால் கத்துகிறவை?"

"ஜோடி இல்லாதவை. கூப்பிடுகின்றன."

ராஜா குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனையுமா?"

"இத்தனையும்தான் மகாராஜா."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. "சுண்ணாம்பு வேண்டாம்" என்றார். "என் சீமையில் எந்தக் குளத்திலும் எவனும் விஷம் போடக் கூடாது. தவளை, ஆமை, பாம்பு, எதையும் தொடக் கூடாது."

"மகாராஜா, நானும் அதைத்தான்..." என்று தளபதி ஆரம்பித்தார்.

"வாயை மூடும். ஆள் மாற்றிக் காட்டினீர் அல்லவா? கார்த்திகை முடியும்வரை சபையில் உமக்கு வாய் கிடையாது. குழைக்காதரே, உமக்கு என்ன வேண்டும், கேளும்."

"தளபதியார் தம் கையாலேயே அந்தத் தவளையைத் தண்ணீரில் விடட்டும். எனக்கு அது போதும்."

தளபதி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு தவளையை விட்டார், போனார். அமைச்சரையும் ராஜா போகச் சொன்னார். "நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன்."

குழைக்காதர் தோட்டத்து வாசல்வரைக்கும் போயிருப்பார். பின்னாலிருந்து ராஜாவின் குரல் கேட்டது.

"நாச்சி!"

போன ராணியின் பெயர் அது. குளம் சட்டென்று அடங்கிவிட்டது. குழைக்காதர் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க மனசு வரவில்லை. கொஞ்சம் பொறுத்துத் தவளைகள் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன. அவற்றோடு சேர்ந்து ராஜாவும் மறுபடி கூப்பிட்டார்.