வாசல் ஓரத்துப் பிசுக்கு

குளக்கரை மருத மரத்தின் வேரடியில் மின்னி என்ற மூஞ்சூறு தன் கணவன் தவிடனோடு குடியிருந்தாள்.

தை பிறக்கப் போகிறது. காட்டில் எங்கு பார்த்தாலும் பெருக்குகிற சத்தம்தான். அணில் கூட்டை உதறிக்கொண்டிருந்தது. எலிகள் பழைய உமியை மூட்டை மூட்டையாக வெளியே தள்ளின. மின்னிக்கு மட்டும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் காலையில் அவளுடைய நாத்தனார் விருந்துக்கு வருகிறாள்.

போன பொங்கலுக்கு வந்த நாத்தனார் வாசலிலேயே மூக்கைச் சுளித்து, "என்ன அண்ணி, வீடு ஒரே பொந்து வாடையா இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். பொந்தில் பொந்து வாடை வராமல் வேறென்ன வரும்? ஆனால் மின்னிக்கு அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்துவிட்டது. ஒரு வருடமாக அதை மனதில் வைத்துக் குமைந்துகொண்டிருந்தாள். இந்த முறை அவள் வாயை அடைத்துவிட வேண்டும்.

பக்கத்துப் புதரில் இருந்த முயல் வெள்ளச்சி, சுத்தத்துக்குப் பேர் போனவள். மின்னி அவளிடம் போய் யோசனை கேட்டாள். வெள்ளச்சி காதை நிமிர்த்திக்கொண்டு வகுப்பெடுத்தாள். கடைசி மூலையில் ஆரம்பித்து வாசலில் முடிக்க வேண்டும். பெருக்கிய இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. எல்லாம் முடிந்ததும் செம்மண் பூசி, எலுமிச்சைப் புல்லைக் கசக்கிச் சுவரெல்லாம் தேய்க்க வேண்டும்.

"முக்கியமா ஒண்ணு. கையில எடுத்ததைப் பார்த்து யோசிச்சிட்டு நிக்காதே. யோசிச்சா வேலை ஓடாது" என்றாள் வெள்ளச்சி.

முயலுக்குப் பெரிய கண், நீளக் காது. அவளுக்கு இந்த முறை சரிதான். மூஞ்சூறு வீட்டுக்கும் அது சரிப்படுமா என்று வெள்ளச்சியும் நினைக்கவில்லை, மின்னியும் கேட்கவில்லை.

மத்தியானம் தவிடன் கரும்புத் தோட்டத்துக்குப் புறப்பட்டான். தங்கைக்குக் கொழுத்த வண்டுகள் என்றால் உயிர். கிளம்பியவன் வாசலில் நின்று, வழக்கம்போல விலாவைச் சுவரில் ஓர் உரசு உரசிக்கொண்டான். போகும்போதும் வரும்போதும் அப்படி உரசி உரசி, அந்த இடத்தில் கறுப்பாக ஒரு பிசுக்கு ஏறியிருந்தது. நம் வீடுகளில் தினமும் தலை சாய்த்து உட்காரும் சுவரில் எண்ணெய்க் கறை படியுமே, அந்த மாதிரி.

"மின்னி, எதை வேணா பெருக்கு. இந்த வாசல் ஓரத்தை மட்டும் விட்டுடு" என்றான்.

ஏன் என்று அவன் சொல்லவில்லை. மழைக்காலத்திலிருந்தே அவன் கண் மங்கிக்கொண்டு வந்தது. இப்போது வெளிச்சம் இருட்டு தெரியும், அவ்வளவுதான். அந்தப் பிசுக்கின் வாடையைப் பிடித்துத்தான் தினமும் வீடு வந்து சேர்ந்துகொண்டிருந்தான். பெண்டாட்டி பயந்துவிடுவாள் என்று மறைத்து வைத்திருந்தான். மின்னி வேலை மும்முரத்தில் "சரி, சரி" என்று தலையை ஆட்டி அனுப்பி வைத்தாள்.

வேலை மளமளவென்று நடந்தது. பழைய இலைப் படுக்கை போயிற்று. தவிடன் சேர்த்து வைத்திருந்த நத்தை ஓடுகள் போயின. எதையும் அவள் நின்று பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்க் குளத்தில் தள்ளினாள். கடைசியில் வாசலுக்கு வந்தாள். கறுப்புப் பிசுக்கு பல்லை இளித்துக்கொண்டு நின்றது. நாத்தனார் கண்ணில் முதலில் படப்போவதே இதுதான்!

ஒரு கணம் தயங்கினாள். ஆம்பிளைகளுக்கு வீட்டு அழுக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். பிறகு நகத்தால் சுரண்டி எடுத்து, செம்மண் பூசி, எலுமிச்சைப் புல்லை இரண்டு மடங்காகத் தேய்த்தாள். ஈரத்தில் தூசி படியாமல் இருக்க ஒரு புரச இலையை இழுத்து வாசலை மூடினாள்.

பொழுது சாயும் நேரம். உள்ளே மின்னி தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசல் இலையை யாரோ மெல்லப் பிறாண்டினார்கள். எலிகள்தான் ஏதாவது கடன் கேட்டு வந்திருக்கும் என்று நினைத்தாள். உள்ளே விட்டால் ஈரத் தரை முழுக்கக் கால் தடம். புல் நெடியில் அவள் மூக்கும் மரத்துப் போயிருந்தது. வீட்டில் ஆள் இல்லாத மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

இன்னொரு முறை பிறாண்டும் சத்தம் கேட்டது. பிறகு காலடி தயங்கித் தயங்கி விலகிப் போயிற்று. அப்பாடா என்று மின்னி மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

தவிடன் வரவில்லை. வண்டு வேட்டை நீண்டிருக்கும் என்று அவள் தன்னையே தேற்றிக்கொண்டு காத்திருந்தாள். விடிந்துவிட்டது. மறுபடி வாசலில் பிறாண்டல். ஓடிப்போய் இலையை விலக்கினாள். நாத்தனார் நின்றாள்.

"என்ன அண்ணி இது! வாடையை வச்சு வந்தா வீட்டையே காணோம். வேற யாரு வீடோன்னு தாண்டிப் போயிட்டேன். அப்புறம் மரத்தைப் பார்த்துத்தான் திரும்பி வந்தேன்" என்றாள்.

மின்னிக்கு நேற்றுப் பிறாண்டியது யார் என்று புரிந்துபோயிற்று. குளக்கரைக்கு ஓடினாள். அங்கே ஆமை, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. அவள் கேட்கக் கேட்க, மனமில்லாமல்தான் வாயைத் திறந்தது.

"நேத்து அந்திக்கு வந்தாரு தாயி. வாயில வண்டு. மூஞ்சூறு வீடு எங்கேன்னு என்கிட்டயே கேட்டாரு. அந்த மருத மரம்தானேன்னு சொன்னேன். 'போனேங்க, அங்க யாரோ பெரிய இடத்து வீடு மணக்குது, கதவைத் தட்டினேன், யாரும் இல்லை. எங்க வீட்டு வாடை எனக்குத் தெரியாதா'ன்னாரு. கண்ணு தெரியலைன்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. நான் கூட வரேன்னு கரையேறுறதுக்குள்ள அவரு வெட்டவெளிக்குப் போயிட்டாரு. கூகை வந்து தூக்கிருச்சு தாயி."

மின்னி அழுதாள். அவன் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை நான் கேட்கவில்லையே என்று மண்ணில் புரண்டு அழுதாள். உள்ளேதானே இருந்தேன், ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று அழுதாள். நாத்தனாரும் கட்டிக்கொண்டு அழுதாள். வீட்டைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்லவில்லை.

அவள் ஊர் திரும்பிய பிறகு மின்னி வீட்டுக்குள் போனாள். அவன் வாடை ஒரு மூலையிலாவது மிஞ்சியிருக்காதா என்று சுவர் சுவராக மூக்கை வைத்துத் தேடினாள். அவன் படுத்த இடத்தில் தேடினாள். வாசல் ஓரத்துச் செம்மண்ணைச் சுரண்டிச் சுரண்டித் தேடினாள். எங்கும் எலுமிச்சைப் புல்தான் மணந்தது. அவ்வளவு சுத்தமாக அவள் வேலை செய்திருந்தாள்.

அழுக்கு என்று ஒன்றைத் துடைத்துப் போடும் முன், அது வீட்டில் யாருக்கு எதற்கு வேண்டியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.