சுருண்டுகொண்ட எறும்புதின்னி

மூங்கில் காட்டில் காவல் வேலை செந்நாய்களுடையது. அவை யாரையாவது அடித்ததாகப் புகார் வந்தால் விசாரிப்பது கிழட்டு ஆமையின் வேலை. விசாரித்து விசாரித்துச் சலித்துப்போன ஆமை அது. ஒவ்வொரு முறையும் செந்நாய்கள் ஒரே பாட்டைத்தான் பாடும்.

"அதுவாகவே விழுந்துவிட்டது ஐயா!"

இல்லை என்று சாட்சி சொல்ல ஓர் எலிகூட வராது.

அன்று புகாரோடு வந்தது ஒரு தாய் எறும்புதின்னி. முதுகுச் செதில்கள் பிய்ந்து ரத்தம் காய்ந்திருந்தது. வாலில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டி நடுங்கியது. கௌதாரியின் முட்டையைத் திருடியதாகச் சொல்லிச் செந்நாய்கள் அதைப் பிடித்திருந்தன. திருடியது உடும்பு என்று மறுநாளே தெரிந்துவிட்டது. ஆனாலும் காவலை எதிர்த்த குற்றம் அப்படியே நின்றது. அது உறுதியானால் தாயும் குட்டியும் காட்டைவிட்டே போக வேண்டியதுதான்.

"ஏன் அடித்தாய்?" என்று கேட்டது ஆமை.

"எதிர்த்தது ஐயா!" என்றது தலைமைச் செந்நாய். "எழுந்து வா என்றேன், சுருண்டுகொண்டது! விரி என்றேன், இன்னும் இறுக்கிக்கொண்டது! அடிக்காமல் கொஞ்சவா முடியும்?"

"நீ ஏனம்மா சுருண்டாய்?"

"பயம் ஐயா. குட்டியை வயிற்றோடு அணைத்திருந்தேன். விரிந்தால் அடி அதன்மேல் விழுமே!"

ஆமை பெருமூச்சு விட்டது. 'எதிர்த்தது உண்மை' என்று சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். ஆனால் குட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

"அன்று எப்படி உறுமினாய்? என்னிடம் செய்து காட்டு."

செந்நாய்க்கு உற்சாகம் தாங்கவில்லை. பல்லைக் காட்டிப் பாய்ந்து வந்து உறுமியது. ஆமையின் தலையும் கால்களும் சட்டென்று ஓட்டுக்குள் போய்விட்டன.

"போதும் ஐயா, வெளியே வாருங்கள்!"

ஆமை வரவில்லை.

"ஐயா! வாருங்கள் என்கிறேனே!"

ஓட்டுக்குள்ளிருந்து நடுங்கிய குரல் கேட்டது. "வர முடியவில்லையப்பா. நீ அடிக்க மாட்டாய் என்று தெரியும். ஆனாலும் உடம்பு கேட்கவில்லை. இப்போது நானும் உன்னை எதிர்க்கிறேனா?"

பயந்து சுருண்டது எதிர்ப்பாகாது என்று தீர்ப்புச் சொன்னது ஆமை. தலைமைச் செந்நாயின் காவல் வேலை அன்றே போனது. எறும்புதின்னி குட்டியைச் சுமந்துகொண்டு வீடு திரும்பியது.

இனியாவது தூங்கலாம் என்று படுத்தது ஆமை. விடிந்ததும் வாசலில் கூட்டம். நொண்டி முயல், கொம்பு உடைந்த மான், ஒற்றைக்கண் முள்ளம்பன்றி.

"நாங்களும் தானாக விழவில்லை ஐயா!"

ஆமை அலுப்போடு கொட்டாவி விட்டது. பிறகு, "சரி, ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்" என்றது.

அச்சத்துக்கும் அடங்காமைக்கும் வேறுபாடு தெரியாதவர் கையில் காவலை ஒப்படைக்கக் கூடாது.