செங்காலி பதித்த தடம்

மூங்கில் காட்டுக் குளத்தில் அந்த முறை தலைமைப் பதவி பெண்ணுக்குத்தான் என்று முடிவாயிற்று. செங்காலி என்ற வாத்து நின்றாள், ஜெயித்தாள். மாலை மட்டும் அவள் புருஷன் நெடுங்கழுத்தனின் கழுத்தில் விழுந்தது!

சபை கூடும் பாறையில் அன்று முதல் அவனே உட்கார்ந்தான். "தலைவர் வர்றாரு!" என்று தவளைகள் வழி விட்டன. செங்காலி நாணல் புதரில் அடைகாத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மனத்தாங்கல்தான். ஆனால் முட்டை ஆறினால் குஞ்சு போய்விடுமே!

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த உத்தரவானாலும் ஈரக் களிமண்ணில் தலைமையின் கால்தடம் பதிய வேண்டும். அதைப் பார்த்தால்தான் மடையைக் காக்கும் நண்டுகள் வேலையில் இறங்கும். விரல் வளைந்த செங்காலியின் தடம் எல்லோருக்கும் தெரியும். நெடுங்கழுத்தன் களிமண்ணோடு வருவான். "கால் வை" என்பான். அவளும் எதற்கென்று கேட்காமல் வைத்துவிடுவாள்.

ஒரு நாள் தவளை ஒருத்தி அழுதுகொண்டே புதருக்கு வந்தாள்.

"அம்மா, மடையைத் திறக்கப்போறாங்களாமே! என் பிள்ளைங்க எல்லாம் தலைப்பிரட்டை. இன்னும் காலே முளைக்கல. தண்ணி வடிஞ்சா சேத்துல துடிச்சே செத்துப்போகும்!"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'பாத்துக்கலாம்'னாரு. பக்கத்துல நின்ன கொக்கு சிரிச்சுது."

அவள் போன பிறகு செங்காலி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை வைத்த தடங்கள் எதற்கெல்லாம் போயினவோ! அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து நெடுங்கழுத்தன் களிமண்ணோடு வந்தான்.

"கால் வை."

"எதுக்குங்க?"

"உனக்கெதுக்கு அதெல்லாம்? தண்ணி வடிஞ்சா கொக்குக்கு மீன் பிடிக்கத் தோது. நமக்கும் பங்கு உண்டு."

"சபைக்கு வந்து வைக்கிறேன்."

"அப்போ முட்டையை யார் பாத்துக்கறது?"

"நீங்கதான்!"

"நானா? நான் ஆம்பளடி!"

"முட்டை ரெண்டு பேருக்கும்தானே? காத்து அடிக்குது, ஆறிடும். சட்டுன்னு உட்காருங்க!"

அவள் எழுந்துவிட்டாள். நெடுங்கழுத்தன் பாறையைப் பார்த்தான், முட்டைகளைப் பார்த்தான். என்ன இருந்தாலும் பெற்ற மனம் அல்லவா! முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான்.

பாறையருகே கொக்கு குழைந்தது. "அம்மாவுக்கு எதுக்குச் சிரமம்? வீட்டுக்காரரே பேசி முடிச்சிட்டாரே!"

"நீங்க எல்லாரும் ஓட்டு போட்டது அவருக்கா, எனக்கா?" என்று செங்காலி கூடியிருந்த சபையைப் பார்த்துக் கேட்டாள்.

மாலையைத் தூக்கி வந்த தவளைகள் தலை குனிந்தன. அவள் பாறை மேல் ஏறினாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கிற வரைக்கும் மடையில யாரும் கை வைக்கக் கூடாது!" நண்டுகளின் முன்னால் களிமண்ணில் அழுத்திக் கால் பதித்தாள். கொக்கு வேறு குளம் தேடிப் பறந்தது.

குஞ்சுகள் பொரிந்தன. குட்டித் தவளைகள் கரையேறித் துள்ளின. அடுத்த தேர்தலில் ஆணும் நிற்கலாம், பெண்ணும் நிற்கலாம் என்றார்கள். குளம் செங்காலியையே கூப்பிட்டது. சபைக்கு அவள் கிளம்பும்போது, குஞ்சுகளுக்கு நடுவே இருந்து நெடுங்கழுத்தனே குரல் கொடுத்தான்: "தலைவி வர்றா, வழி விடுங்க!"

தனக்குக் கிடைத்த பதவியைத் தானே நடத்தாதவர், ஊரைக் கெடுக்கத் தன் காலையே இரவல் கொடுக்கிறார்.