முற்றத்து இலந்தை

பௌர்ணமிப் பந்திக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. மலையடிவாரத்து ஊர்களிலிருந்து ஆட்கள் மடத்துக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, இன்றைக்கு நான் பரிமாற மாட்டேன் என்று சொல்லிவிட்டார் மகிழ்வண்ணன்.

சமையல்காரி கோமு கரண்டியும் கையுமாக நின்றாள். அந்த மடத்தில் பந்தி என்றால் மகிழ்வண்ணன்தான். ஐம்பதைத் தாண்டிய வயதில் வீட்டை விட்டு வந்து சீடராகச் சேர்ந்தவர். ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பதற்குக்கூட யோசிப்பவர். யோசிக்காமல் அவர் செய்கிற ஒரே காரியம் பரிமாறுவது. யாருக்கு இன்னும் ஒரு கை சோறு வேண்டும் என்று, கேட்காமலே அந்தக் கைக்குத் தெரியும்.

"வயித்து வலியா அண்ணாச்சி?"

"கை சரியில்லை."

"சுளுக்கா?"

"அதெல்லாம் இல்லை, கோமு. விடு."

கோமு விடவில்லை. நேரே போய்ச் செண்பகத்தம்மாளைக் கூட்டி வந்தாள்.

செண்பகத்தம்மாள்தான் குரு. மகிழ்வண்ணனைவிட வயதில் இளையவர். அவர் இவரை அண்ணாச்சி என்பார், இவர் அவரை அம்மா என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

"கைக்கு என்ன அண்ணாச்சி?"

மகிழ்வண்ணன் முற்றத்தைக் காட்டினார். நடுவில் ஒரு கம்பம். அதன் தலையிலிருந்து வெறும் கயிறு தொங்கியது. சமையற்கட்டின் ஓட்டு விளிம்பில் சிட்டுக்குருவிகள் வரிசையாக உட்கார்ந்து அந்தக் கயிற்றைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன.

"கம்பங்கதிர் கட்டித் தொங்கவிட்டது நான். என்னை நம்பித்தான் இதுக வந்துச்சு. நேத்து என் கண்ணு முன்னாடி வல்லூறு வந்து ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிட்டு. இது முதல் தடவை இல்லைம்மா. நான் போட்டது தீனியா, கண்ணியா? இந்தக் கையால இன்னொருத்தருக்கு எப்படிச் சோறு போட?"

"அதனால கதிரை அவுத்துட்டீங்க."

"அவுத்துட்டேன். இனி இந்தக் கை யாருக்கும் எதுவும் கொடுக்காது."

செண்பகத்தம்மாள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மகிழ்வண்ணன்னு பேர் வச்சாகளே, உங்க வீட்டுல. பிள்ளை முகத்தைப் பார்க்காமலே வச்சிருப்பாகளோ?"

கோமு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வல்லூறு எப்போ இருந்து வருது?" என்று கேட்டார் செண்பகத்தம்மாள்.

"முற்றத்தைத் திருத்துன பிறகுதான் பார்க்கேன்."

சொன்னாரே தவிர, தான் சொன்னது என்ன என்று அவர் காதில் விழவில்லை.

முற்றத்தைத் திருத்தியதும் அவர்தான். அங்கே ஒரு கிழட்டு இலந்தை, புதராக மண்டிக் கிடந்தது. போகிற வருகிறவர்களின் வேட்டியைப் பிடித்து இழுத்தது. தியானம் செய்கிற இடத்தில் முள் எதற்கு என்று வெட்டிப் போட்டார். சாணம் தெளித்து, தரையை உள்ளங்கை மாதிரி ஆக்கினார். நடுவில் கம்பம் நட்டுக் கதிர் கட்டினார். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

"வெட்டுன முள்ளு எங்கே கிடக்கு?"

"கொல்லையிலே. காய்ஞ்சதும் எரிக்கலாம்னு போட்டிருக்கேன்."

"வாங்க, இழுத்துட்டு வருவோம்."

"இப்பவா? பந்தி நேரமாச்சேம்மா."

"உங்களுக்குத்தான் இன்னைக்குப் பந்தி வேலை இல்லையே."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். முள் மகிழ்வண்ணனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. குனிந்து விடுவித்தார். துண்டைப் பிடித்துக்கொண்டது. துண்டை விடுவிப்பதற்குள் மறுபடி வேட்டி.

"உங்க மேலே அதுக்குக் கோவம் தீரலை," என்றார் செண்பகத்தம்மாள்.

கம்பத்துக்குப் பக்கத்தில் முள்ளைக் குவித்தார்கள். சாணம் மெழுகிய தரையெல்லாம் கீறல்.

"எவ்வளவு சுத்தமா வச்சிருந்தேன்," என்றார் மகிழ்வண்ணன்.

"ஆமா. யாருக்குன்னுதான் தெரியலை."

மகிழ்வண்ணன் அவிழ்த்துப் போட்டிருந்த கதிர்க்கொத்தைச் செண்பகத்தம்மாள் எடுத்துக் கயிற்றில் கட்டினார். கொத்து கோணலாகத் தொங்கியது. மகிழ்வண்ணன் பொறுத்துப் பார்த்தார். முடிச்சு நழுவியது. அதற்குமேல் அவரால் முடியவில்லை. கயிற்றைப் பிடுங்கி, அவிழ்த்து, இழுத்துக் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

செண்பகத்தம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருவரும் தாழ்வாரத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். உள்ளே கோமு சோறு வடிக்கும் சத்தம் கேட்டது. பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள்.

முதலில் ஒரு சிட்டு இறங்கியது. பிறகு எல்லாம் இறங்கின. கதிரில் தொங்கின, தரையில் கொத்தின, ஒன்றையொன்று தள்ளிவிட்டன.

வேப்பமரத்திலிருந்து வல்லூறு வந்தது. ஓசையே இல்லை. தரையோடு தரையாக, வீசி எறிந்த கல்லைப் போல வந்தது. மகிழ்வண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது முற்றத்தில் ஒரு சிட்டும் இல்லை. கம்பத்தின் மேல் வல்லூறு மட்டும் உட்கார்ந்திருந்தது. கழுத்தை இந்தப் பக்கம் திருப்பியது, அந்தப் பக்கம் திருப்பியது. இறங்கி முள் குவியலில் ஒரு காலை வைத்தது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டது. முள்ளுக்குள்ளே ஆழத்திலிருந்து ஒரு சிட்டு 'கீச்' என்றது. இன்னொன்று பதில் சொன்னது. அடுத்த கணம் அந்த முள் குவியல் முழுவதும் கத்தத் தொடங்கியது. சந்தைக்கடை தோற்றது.

வல்லூறு சிறகை ஒரு முறை உதறிக்கொண்டு மலைப் பக்கம் பறந்துபோனது.

மகிழ்வண்ணன் சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு என்று கோமு அகப்பையோடு ஓடி வந்தாள்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. அடங்கியதும் அவர் நெற்றியில் பழைய சுருக்கம் திரும்ப வந்தது.

"அம்மா."

"சொல்லுங்க."

"அதுக்கும் பசிக்குமே. கூட்டுல குஞ்சு இருந்தா?"

செண்பகத்தம்மாள் தன் புடவை ஓரத்திலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி எறிந்தார்.

"அதுக்குச் சிறகு இருக்கு, அண்ணாச்சி. மலை இருக்கு. இத்தனை நாளும் நீங்கதான் அதுக்கு இலை போட்டு வச்சீங்க." அவர் எழுந்து, கோமுவின் கையிலிருந்த அகப்பையை வாங்கி மகிழ்வண்ணனிடம் நீட்டினார். "அங்கே இலை முன்னாடி உட்கார்ந்திருக்கவங்களுக்குத்தான் சிறகு இல்லை. போங்க. சோறு ஆறுது."